மாயாற்றின் அக்கரை

நுழையும்முன்

ஓர் ஊர் எந்த ஆண்டில் தோன்றியது எனத் திட்டமாகக் கூறுதல் அரிது. சத்தியமங்கலம் காட்டை அடுத்து, மாயாற்றின் தென்கரையில் அமைந்துள்ள தெங்குமரஹாடாவுக்கோ அத்தகைய ஓர் ஆண்டு உண்டு. உணவுத் தட்டுப்பாட்டைப் போக்குவதற்காக அரசின் இசைவோடு காட்டைத் திருத்திக் குடியேறிய உழவர்களின் ஊர் அது. முக்கால் நூற்றாண்டு கடந்த நிலையில், காட்டைக் காக்கும் பொருட்டு அவ்வூரார் இடம்பெயர வேண்டுமென இன்று கூறப்படுகிறது. அவ்வூரின் நிலம், வரலாறு, வாழ்க்கை, வழக்கு ஆகியவற்றை இவ்வுரைநடை எடுத்துரைக்கிறது.

மலைமுகட்டிலிருந்து

கோத்தகிரிக்குக் கிழக்கே, தேயிலைத் தோட்டங்களைக் கடந்து சென்றால் கோடநாடு காட்சிமுனையை அடையலாம். நீலகிரி மலை அங்கே திடுமென முடிந்துவிடுகிறது. ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், பழுப்பு நிறக் காட்டின் நடுவே ஆறு ஒன்று வளைந்து ஓடுவது தெரியும். ஆற்றை ஒட்டிச் சதுரம் சதுரமாகப் பசும்வயல்களும், அவற்றின் ஓரத்தில் தீப்பெட்டிகளை அடுக்கியது போன்ற சில வீடுகளும் காணப்படும். பகல் வெளிச்சம் நன்றாக இருக்கும் நாளில் தென்னைகளைக்கூட எண்ணிவிடலாம் என்று தோன்றும். அந்த ஆறு மாயாறு. அந்த ஊர் தெங்குமரஹாடா.

மேலிருந்து பார்ப்போருக்குக் கைக்கெட்டும் தொலைவில் இருப்பது போல் தோன்றும் அவ்வூருக்கு, அந்த மலைமுகட்டிலிருந்து ஊர்தி செல்லும் சாலை கிடையாது. தெங்குமரஹாடா நீலகிரி மாவட்டம் கோத்தகிரி வட்டத்தைச் சார்ந்தது. ஆனால் அங்குச் செல்ல வேண்டியவர் ஈரோடு மாவட்டத்துக்குள் இறங்கி, பவானிசாகரை அடைந்து, அங்கிருந்து சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் வழியே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் காட்டுவழியில் பயணம் செய்து, மாயாற்றின் வடகரையை அடைய வேண்டும். பேருந்து அங்கே நின்றுவிடும். பிறகு ஆற்றைக் கடத்தல் வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு சான்றிதழ் பெற விரும்பும் ஊரார் இதே வழியில் திரும்பி வந்து, மேட்டுப்பாளையம் சென்று, மீண்டும் மலையேறிக் கோத்தகிரியை அடைகின்றனர். தலைக்கு நேர் மேலே இருக்கும் மலைக்கு இத்தனை சுற்று! நிலப்படத்தில் கோடு வரைவோர் அந்நிலத்தில் நடந்து பார்ப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. சந்தை, மருத்துவம், மேற்படிப்பு என எல்லாவற்றுக்கும் அவ்வூரார் நாடுவது பவானிசாகரையும் சத்தியமங்கலத்தையுமே. ஆவணத்தில் நீலகிரி, வாழ்க்கையில் கொங்கு நாடு.

பெயரும் நிலமும்

தெங்கு என்பது தென்னையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். தமிழ்ப் பேச்சு வழக்கில் இன்று அருகிவிட்ட இச்சொல் மலையாளத்திலும் கன்னடத்திலும் உயிரோடு வழங்குகிறது. தெங்குமரம் என்னும் முன்பகுதி தமிழருக்கு விளங்கக்கூடியதே. ஹாடா என்னும் பின்பகுதியில் கன்னடம், படுகு ஆகியவற்றின் ஓசை கலந்துள்ளது. மூன்று மொழிகள் சந்திக்கும் எல்லையில் ஊர்ப்பெயரும் அவ்வாறே அமைவது இயல்பு. சத்தியமங்கலத்துக்கு மேலுள்ள மலையூர்கள் பலவற்றிலும் தமிழும் கன்னடமும் ஒரே வீட்டுத் திண்ணையில் கலந்து ஒலிப்பதைக் கேட்கலாம்.

தெரியுமா?
தமிழில் பகரத்தில் தொடங்கும் சொற்கள் பல கன்னடத்தில் ஹகரத்தில் தொடங்குகின்றன. பால் – ஹாலு. புலி – ஹுலி. பூ – ஹூவு. பள்ளி – ஹள்ளி. பழங்கன்னடத்திலும் இவை பகரத்திலேயே தொடங்கின. பின்னரே மாற்றம் நிகழ்ந்தது. படுகர் தம் ஊரை ஹட்டி என்பதும், கொங்கு நாட்டில் நாம் பட்டி என்பதும் இவ்வகையில் உறவுடையன.

மாயாறு நீலகிரியின் மேற்குப் பகுதியில் பைக்காரா என்னும் பெயரோடு பிறக்கிறது. முதுமலைப் பக்கம் இறங்கியதும் மாயாறு எனப் பெயர் மாறி, நீலகிரிக்கும் மைசூர்ப் பீடபூமிக்கும் இடையே ஆழமான பிளவை அறுத்துக்கொண்டு கிழக்கே பாய்கிறது. பிளவு அகன்று பள்ளத்தாக்காகும் இடத்தில் தெங்குமரஹாடா அமைந்துள்ளது. அதற்குக் கீழே, பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் மாயாறு பவானியோடு கலக்கிறது.

மலையடிவாரம் என்றவுடன் மழை பெய்துகொண்டே இருக்கும் என்று நாம் கருதுகிறோம். மாயாற்றுப் பள்ளத்தாக்கு அத்தகையதன்று. தென்மேற்குப் பருவக்காற்றின் நீரை நீலகிரி தன் மேற்குச் சரிவிலேயே பெரும்பாலும் இறக்கிவைத்துவிடுகிறது. கிழக்குப் பக்கத்தில் மிஞ்சுவது மழை மறைவு நிலம். ஆகவே இங்குள்ள காடு வேலமும் முட்புதரும் நிறைந்த வறண்ட காடு. ஆற்றின் கரையில் மட்டும் நீர்மருதுகள் வானளாவ நிற்கும். மேலே குறிஞ்சி, சரிவில் முல்லை, ஆற்றோரம் உழவர் உருவாக்கிய மருதம், கோடையில் இவை யாவும் வெம்மையால் திரிந்து தோன்றும் பாலை என நானிலப் பாகுபாட்டின் பெரும்பகுதியை ஓர் உச்சியில் நின்றே கண்டுவிடலாம். திணைகளை நூலில் மட்டும் பயின்றவர்க்கு இவ்விடம் ஒரு செயல்விளக்கம்.

படைகள் நடந்த வழி

இன்று பேருந்து நின்றுவிடும் இப்பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் பெருவழியாக விளங்கியது என்றால் நம்புவது கடினம். கொங்கு நாட்டையும் மைசூர் நாட்டையும் இணைத்த மலைவழிகளுள் முதன்மையானது கெஜலட்டிக் கணவாய். மாயாற்றின் வடபுறத்து மலைச்சரிவில் அது ஏறிச் சென்றது. அதன் அடிவாயிலைக் காத்து நின்றது, பவானியும் மாயாறும் கூடுமிடத்துக்கு அருகிலிருந்த டணாயக்கன் கோட்டை. தண்டநாயகன் என்பது படைத்தலைவனைக் குறிக்கும் சொல். மக்கள் நாவில் அது டணாயக்கன் எனத் தேய்ந்தது. போசள அரசின் தண்டநாயகர்கள் இப்பகுதியைக் காவல் புரிந்த காலத்தின் எச்சமே அப்பெயர்.

போசளரின் படைத்தலைவன் புணிசன் கொங்கரையும் தோடரையும் வென்று நீலமலைக்குள் புகுந்த செய்தியைச் சாமராசநகரில் உள்ள 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டு தெரிவிக்கிறது. நீலகிரியைப் பெயர் சுட்டிக் கூறும் பழைய சான்றுகளுள் அது குறிப்பிடத்தக்கது.

பிற்காலத்தில் ஐதர் அலியின் படைகளும் இக்கணவாயின் வழியே இறங்கின. மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1790 செப்டம்பரில், திப்பு சுல்தான் தம் பெரும்படையோடு கெஜலட்டி வழியாக இறங்கி வந்தார். சத்தியமங்கலத்தில் தளபதி ஃபிளாய்டு தலைமையில் இருந்த ஆங்கிலேயப் படை அதனை எதிர்பார்த்திருக்கவில்லை. செப்டம்பர் 13, 14 ஆகிய நாள்களில் நடைபெற்ற போரில் ஆங்கிலேயர் சத்தியமங்கலத்தைக் கைவிட்டுத் தெற்கே பின்வாங்கினர். மலையும் காடும் சூழ்ந்த அப்பாதையில் பீரங்கிகளையும் காளைகளையும் இறக்கிக் கொண்டுவருவது எத்தகைய உழைப்பு என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

போர்கள் ஓய்ந்தபின் ஆய்வாளர்கள் வந்தனர். 1800-ஆம் ஆண்டில் தென்னாட்டில் பயணம் செய்து நாட்டுநிலையைப் பதிவு செய்த பிரான்சிஸ் புக்கானன் டணாயக்கன் கோட்டைக்கு வந்தார். அங்கிருந்து மலையேறி இருளர் ஊரொன்றைக் கண்டு எழுதினார். 1812-இல் நில அளவையாளர் வில்லியம் கீஸ் நீலகிரிமேல் ஏறியதும் இக்கோட்டைப் பக்கமிருந்தே. உதகையை நோக்கி எழுந்த ஆர்வம் முதலில் கால் வைத்த படிக்கட்டு இப்பள்ளத்தாக்குத்தான். பின்னர் மேட்டுப்பாளையம் வழியே உதகைக்குச் சாலையும் தொடர்வண்டியும் வந்தன. மைசூருக்குச் செல்வோர் 27 கொண்டைஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையைப் பற்றினர். கெஜலட்டி வழியில் புல் முளைத்தது. படைகளும் வணிகரும் ஆய்வாளரும் வந்து போன இந்நிலத்தில் எக்காலத்தும் நிலைத்து வாழ்ந்தவர் இருளரே. தேன், கிழங்கு, சிறு தினைப்புலம், ஆற்று மீன் என அவர்கள் வாழ்க்கை இக்காட்டோடு பிணைந்திருந்தது.

1948

இரண்டாம் உலகப்போரின்போது, 1942-இல் பர்மா ஜப்பானியர் கைப்பட்டதால், அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோயிற்று. மறு ஆண்டு வங்கத்தில் பெரும்பஞ்சம் நேர்ந்தது. சென்னை மாகாணத்திலும் உணவுப்பொருள் பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. கிடைக்கும் நிலத்தில் எல்லாம் உணவுப்பயிரை விளைவிப்பதற்கான இயக்கத்தை அரசு தொடங்கியது. விடுதலைக்குப் பின்னும் அது தொடர்ந்தது. உழவர்க்குத் தரத் தனியார் நிலம் இல்லாத இடங்களில் அரசின் கண் காட்டின்மேல் விழுந்தது. அக்காலத்தில் அதனை எவரும் தவறாகக் கருதவில்லை. காடு என்பது இன்னும் உழப்படாத நிலம் என்பதே அன்றைய பொதுக்கருத்து.

அவ்வகையில் 1948-இல் தெங்குமரஹாடாவில் கூட்டுறவுப் பண்ணைச் சங்கம் தோன்றியது. சங்கத்துக்கு வனநிலம் குத்தகையாக அளிக்கப்பட்டது. படிப்படியாக விரிந்து ஏறத்தாழ 500 ஏக்கர் வரை அது பயிர்நிலமாயிற்று. நீலகிரியின் மேற்பகுதியிலிருந்து படுகர் சிலரும், சமவெளியிலிருந்து நிலமற்ற உழவர் பலரும் வந்து சேர்ந்தனர். முள்ளை வெட்டி, கல்லைப் பொறுக்கி, வாய்க்கால் வெட்டி, நெல் நட்டனர். மலேரியாவும் யானையும் அவர்களுக்குப் பழகிய அண்டை அயலாயின.

அதே 1948-ஆம் ஆண்டில்தான் கீழே பவானி ஆற்றில் அணை கட்டும் பணியும் தொடங்கியது. 1955-இல் பணி நிறைவுற்றபோது ஏறத்தாழ 32.8 டி.எம்.சி. நீரைத் தேக்கவும், ஏறத்தாழ 2,07,000 ஏக்கர் நிலத்துக்குப் பாசனம் அளிக்கவும் வல்ல பவானிசாகர் உருவாகியிருந்தது. கோபி, ஈரோடு, பெருந்துறை, காங்கயம் பகுதிகளின் இன்றைய வளம் அதன் கொடை. அதற்கு விலையாகச் சில ஊர்களும், டணாயக்கன் கோட்டையும், அங்கிருந்த மாதவப் பெருமாள் கோயிலும் நீருக்குள் சென்றன. கடும் வறட்சியால் நீர்மட்டம் மிகவும் தாழ்ந்த ஆண்டுகளில் அக்கோயிலின் கற்கள் வெளியே தலைகாட்டும். மக்கள் கூட்டம் கூட்டமாகச் சென்று பார்ப்பர். மழை பெய்ததும் அது மீண்டும் மறையும்.

இவ்விரு நிகழ்வுகளும் ஓராண்டில் தொடங்கியது தற்செயல், நோக்கமோ ஒன்று. இரண்டும் நெல்லுக்காகச் செய்யப்பட்டவை. ஆனால் பழைய பெருவழியின் அடிவாயில் நீரில் மூழ்கிவிட்டதால், புதிதாகத் தோன்றிய ஊர் ஒரு முட்டுச்சந்தின் முடிவில் அமைந்துவிட்டது.

சங்கமே ஊராக

பிற ஊர்களில் முதலில் ஊர் இருக்கும். பிறகு கூட்டுறவுச் சங்கம் வரும். 1904-இல் கூட்டுறவுச் சட்டம் இயற்றப்பட்டதும், திருவள்ளூரை அடுத்த திரூரில் அவ்வாண்டே ஒரு சங்கம் பதிவாயிற்று. பின்னர்த் தமிழகமெங்கும் பரவிய கடன் சங்கங்களும் பால் சங்கங்களும் ஏற்கெனவே இருந்த ஊர்களில் முளைத்தவை. தெங்குமரஹாடாவில் முறை தலைகீழ். சங்கம் முதலில் பிறந்தது. அதன் மடியில் ஊர் பிறந்தது.

இதன் விளைவு எளிதன்று. நிலத்தின் உரிமை வனத்துறையிடம் உள்ளது. குத்தகை சங்கத்தின் பெயரில் உள்ளது. உழுபவர் சங்கத்தின் உறுப்பினர். அவர் உழும் பாகம் அவருடையதாக அறியப்பட்டாலும், அதற்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாத நிலத்தை அடகு வைக்க இயலாது. வெளியாருக்கு விற்க இயலாது. இதனால் கடன் பெறுவது கடினமாயிற்று. எனினும் மற்றொன்றும் நிகழ்ந்தது. நீலகிரியின் அடிவாரமெங்கும் தோட்டங்களும் சொகுசு விடுதிகளும் நிலத்தை விழுங்கிய காலத்திலும், இவ்வூரின் வயல் வயலாகவே எஞ்சியது. உடைமை இன்மை ஒருவகைக் காவலாயிற்று என்று கூறலாம். அக்காவலின் செலவை உழவரே ஏற்றனர் என்பதையும் சேர்த்தே கூற வேண்டும்.

நெல், வாழை, மஞ்சள் ஆகியன இங்கு விளைகின்றன. பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், அஞ்சலகம் ஆகியவை உண்டு. அருகே அல்லிமாயாறு, கல்லாம்பாளையம் முதலிய சிற்றூர்கள் உள்ளன. இவற்றுள் இருளர் குடியிருப்புகளும் அடங்கும். இருளர் வயல்வேலைக்கு வருவர். வயற்காரர் காட்டைப் பற்றி அறிய இருளரை நாடுவர். யானை எப்பக்கம் இறங்கியுள்ளது, ஆறு இன்று இரவு ஏறுமா என்பன போன்ற கேள்விகளுக்கு இன்றும் அவர்கள் கூற்றே நம்பத்தக்கது.

ஊரே ஒரு கூட்டுக்குடும்பம் போல நிலத்தைப் பொதுவில் ஆள்வது உலகில் வேறு மலையூர்களிலும் காணப்பட்டதே. போர்த்துகல் நாட்டின் வடமலைப் பகுதியில் விலாரிஞ்யோ த ஃபுர்னா என்னும் சிற்றூர் இருந்தது. குடும்பத் தலைவர்கள் ஒன்றுகூடி மேய்ச்சல், பாதை, நீர் ஆகியவற்றைப் பற்றி முடிவு செய்தனர். ஆடுமாடுகளை வீட்டுக்கு வீடு முறைவைத்து மேய்த்தனர். ஜார்ஜ் டயஸ் என்னும் இனவரைவியலார் அவ்வூரைப் பற்றி எழுதிய நூல், தெங்குமரஹாடாவின் சங்கம் தோன்றிய அதே 1948-இல் வெளிவந்தது. 1970-களின் தொடக்கத்தில் மின்உற்பத்திக்காகக் கட்டப்பட்ட அணை அவ்வூரை மூழ்கடித்தது. நீர் வற்றும் காலங்களில் அதன் கற்சுவர்கள் வெளியே தெரிகின்றன, நம் டணாயக்கன் கோட்டையைப் போலவே. பொதுவுடைமையாக வாழ்ந்த ஊர்க்காரருக்குத் தனித்தனியாக இழப்பீடு கணக்கிடும்போது எதை அளப்பது, எதை விடுவது என்னும் சிக்கல் அங்கும் இருந்திருக்கும். தெங்குமரஹாடாவில் அச்சிக்கல் இன்று கண்முன் நிற்கிறது.

பரிசல் துறை

இவ்வூரின் இயல்பை அறிய விரும்புவோர் வயலைப் பார்ப்பதைவிட ஆற்றுத்துறையில் ஒரு பகல் நிற்பது நன்று. வடகரையில் பேருந்து வந்து நிற்கும். அரிசி மூட்டை, எரிவாயு உருளை, பள்ளிப் புத்தகம், கோழிக்கூடை, மருந்துப் பை என எல்லாம் இறங்கும். மூங்கில் பின்னி, அடியில் நீர் புகாதபடி உறை பூட்டிய வட்டமான பரிசல் அவற்றை ஏற்றிக்கொள்ளும். பரிசலுக்கு முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. துடுப்புப் போடுபவர் நீரோட்டத்தை எதிர்த்துப் போராடுவதில்லை. சற்று மேலே சென்று, ஓட்டம் தள்ளும் போக்கிலேயே சாய்வாகக் கடந்து, குறித்த இடத்தில் கரை சேர்ப்பார். கோடையில் முழங்காலளவு நீரில் ஆடையை உயர்த்திப் பிடித்து நடந்தே கடப்பதும் உண்டு.

நீலகிரியின் மேற்பகுதியில் மழை கொட்டும்போது நிலை மாறும். தெங்குமரஹாடாவில் வானம் வெளுத்திருக்கும். ஆனால் ஆறு செந்நிறமாகச் சுழித்து வரும். மேலேயுள்ள அணைகளிலிருந்து நீர் திறக்கப்படும்போதும் அவ்வாறே. பரிசல் நிற்கும், ஊர் தீவாகும். பிள்ளைப்பேற்றுக்கு நாள் நெருங்கிய பெண்ணையோ, பாம்பு தீண்டியவரையோ அந்த வெள்ளத்தில் கடத்தும் பொறுப்பு பரிசல்காரரின் தோளில் விழும். பாலம் வேண்டும் என்பது ஊராரின் நெடுநாள் கோரிக்கை. பாலம் அமைந்தால் ஊர்தி பெருகும், ஊர்தி பெருகினால் காடு குலையும் என்பது மறுப்பு. இரண்டும் உண்மையே. ஆயினும் நோயாளியோடு கரையில் காத்து நிற்பவருக்கு இவ்விரு உண்மைகளும் ஒரே எடையுடையன அல்ல.

காட்டின் வழக்கு

இனிக் காட்டின் தரப்பையும் கேட்க வேண்டும். மாயாற்றுப் பள்ளத்தாக்கு கிழக்குத் தொடர்ச்சி மலையும் மேற்குத் தொடர்ச்சி மலையும் கைகோக்கும் இடம். யானைகள் பருவந்தோறும் ஒரு மலையிலிருந்து மறுமலைக்குச் செல்லும் வழி இதுவே. புலி, சிறுத்தை, கழுதைப்புலி, வெளிமான், முதலை ஆகியன இங்கு வாழ்கின்றன. இப்பகுதி 1986-இல் அமைக்கப்பட்ட நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தைச் சார்ந்தது. ஆற்றின் வடபுறத்துக் காடு 2008-இல் காட்டுயிர்ப் புகலிடமாகவும், 2013-இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் பரப்பு ஏறத்தாழ 1,408 சதுர கிலோமீட்டர். ஒரு காலத்தில் சந்தனக் கடத்தலாலும் துப்பாக்கிச் சத்தத்தாலும் பெயர்பெற்ற காடு இன்று புலிகள் பெருகும் காடாக மாறியிருப்பது சிறிய செய்தியன்று.

இவற்றுள் நம் கருத்தை மிகவும் ஈர்ப்பவை பாறு கழுகுகள். இந்தியாவெங்கும் அவை நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் அழிந்தன. மாடுகளின் வலிக்குச் செலுத்தப்பட்ட டைக்குளோஃபினாக் என்னும் மருந்தே அதற்குக் காரணம். அம்மருந்து உடலில் தங்கிய நிலையில் மாடு இறந்தால், அவ்விறைச்சியை உண்ணும் கழுகின் சிறுநீரகம் செயலிழக்கும். 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. எஞ்சிய சில கூட்டங்களுள் ஒன்று மாயாற்றங்கரை நீர்மருதுகளில் கூடு கட்டுகிறது. கழுகின் உயிர் காட்டின் கையில் மட்டும் இல்லை. கொட்டகையில் மாட்டுக்கு ஊசி போடும் உழவரின் கையிலும் கால்நடை மருத்துவரின் கையிலும் உள்ளது. ஊரையும் காட்டையும் எதிரெதிர்க் கட்சிகளாக மட்டுமே எழுதுவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

எனினும் மோதல் பொய்யன்று. நெல் பால் பிடிக்கும் பருவத்தில் யானைகள் வயலில் இறங்குகின்றன. உழவர் பரணில் இரவெல்லாம் கண்விழித்துத் தகரம் தட்டுகின்றனர். ஒரே இரவில் ஒரு பருவத்தின் உழைப்பு மிதிபடுகிறது. சில இரவுகளில் உயிரும் போகிறது. பள்ளத்தாக்கில் நல்ல நீரும் சமநிலமும் அமைந்த இடம் யானைக்கும் வேண்டியிருக்கிறது, மனிதருக்கும் வேண்டியிருக்கிறது.

எழுபத்தைந்து ஆண்டுக் கணக்கு

புலிகள் வாழும் பகுதிகளிலிருந்து விரும்பி இடம்பெயரும் குடும்பங்களுக்குத் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் திட்டப்படி இழப்பீடு அளிக்கப்படுகிறது. அத்தொகை இப்போது குடும்பம் ஒன்றுக்கு 15 இலட்சம் ரூபாய். தெங்குமரஹாடாவில் 497 குடும்பங்கள் கணக்கிடப்பட்டன. அவ்வகையில் 74 கோடியே 55 இலட்சம் ரூபாய் வேண்டும். அத்தொகையை விடுவிக்குமாறு 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது.

ஊரில் இதனைப் பற்றி ஒரே கருத்து இல்லை, இருக்கவும் இயலாது. இழப்பீடு குடும்பத்துக்கு இவ்வளவு என்பதே கணக்கு. உழும் நிலத்துக்கு இவ்வளவு என்பதன்று. சங்க நிலத்தில் பல ஏக்கர் பயிரிடும் குடும்பத்துக்கும், கூலிவேலை செய்து வாழும் குடும்பத்துக்கும் தொகை ஒன்றே. முதலாமவருக்கு அது இழப்பு. இரண்டாமவருக்கோ, பேருந்தும் மருத்துவமனையும் அருகிலுள்ள ஓர் ஊரில் வாழ்வைத் தொடங்கும் வாய்ப்பாக அது தோன்றக்கூடும். மக்கள் போக விரும்புகின்றனர் என்று எழுதும் செய்தியும், மக்கள் போக மறுக்கின்றனர் என்று எழுதும் செய்தியும் ஒரே ஊரின் இரு தெருக்களிலிருந்து எழுதப்பட்டிருக்கலாம்.

சட்டமும் ஊராரை ஒன்றாகப் பார்ப்பதில்லை. காட்டில் வாழ்வோரின் நில உரிமையை ஏற்பதற்காக 2006-இல் வன உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி பட்டியல் பழங்குடியினராயின், 2005 டிசம்பர் 13-ஆம் நாளுக்கு முன்னிருந்தே காட்டில் வாழ்ந்து வருதல் போதும். பழங்குடியினர் அல்லாத பிறராயின், அந்நாளுக்கு முன் மூன்று தலைமுறைகள் அங்கு வாழ்ந்திருத்தல் வேண்டும். ஒரு தலைமுறைக்கு 25 ஆண்டு எனச் சட்டம் கொள்வதால் அது 75 ஆண்டாகும். இருளர் பட்டியல் பழங்குடியினர். படுகரும் சமவெளியிலிருந்து வந்த உழவரும் அப்பட்டியலில் இல்லை. 1948-இல் சங்கத்தோடு வந்த குடும்பத்துக்கு 2005-இல் 57 ஆண்டுகளே நிறைந்திருந்தன. 18 ஆண்டுகள் குறைவு. 75 ஆண்டு நிறைவுற்ற 2023-இலோ, இடப்பெயர்வுக்கான ஆணை வந்தது.

ஆகவே ஒரே ஆற்றின் ஒரே கரையில், ஒரே பள்ளியில் பயின்று, ஒரே பரிசலில் கடப்போர் சட்டத்தின் முன் இரு வகையினர். காட்டை உழாதவர்க்குக் காட்டில் உரிமை உண்டு. காட்டை உழுமாறு கூறி நிலம் அளிக்கப்பட்டவர்க்கு அவ்வுரிமை எளிதன்று. இருளரின் உரிமை நியாயமானது. பல தலைமுறைகளாக மறுக்கப்பட்டுக் காலந்தாழ்ந்து கிடைத்தது. அதில் குறைகாண இடமில்லை. ஆயினும், அரசின் குத்தகைத்தாளை நம்பி வந்தவரைக் காட்டை ஆக்கிரமித்தவர் என்னும் சொல்லால் சுட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

இழப்பீட்டு விதியில் மற்றொரு கூறும் உண்டு. குறிப்பிட்ட நாளில் 18 வயது நிறைந்த மகன், மணமாகாதவராயினும், தனிக் குடும்பமாகக் கொள்ளப்படுவார். அவருக்கும் தனித்தொகை உண்டு. ஆகவே கணக்கெடுப்பு நாள் எது என்பது அவ்வூர் வீடுகளில் பெரிதும் பேசப்படும் பொருள். தெங்குமரஹாடாவிலிருந்து ஆறு கடந்து வந்து, விடுதியில் தங்கிப் பதினொன்றாம் வகுப்பில் பயிலும் ஒரு மாணவர் அந்தக் கணக்கில் தனிக் குடும்பம் ஆவதற்கு ஓராண்டோ ஈராண்டோ குறைவாக இருப்பார். அவர் பிறந்த வீட்டின் பதிவில், தந்தையின் பெயருக்குக் கீழே, அவர் பெயர் சேர்த்து எழுதப்படும்.